பம்பளிமாசும் பர்பனும்

வங்காளத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் ‘பாதாபி லேபு’வை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. ஆவணி பிறந்ததும் பச்சைப் பந்துகளாகக் கிளைதோறும் தொங்கி, ஐப்பசியில் இளமஞ்சள் பாரித்து, ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்கு மேல் எடையுடன் மரத்தையே வளைத்துவிடும் கனி அது. கால்பந்து வாங்க வசதியற்ற சிறுவர்கள் அதனையே உதைத்து விளையாடுவது இங்கே நெடுநாளைய வழக்கம். உரித்த சுளைகளைப் பிசைந்து, உப்பு, சர்க்கரை, பச்சை மிளகாய், சிறிது கடுகெண்ணெய் சேர்த்து, வெயிலில் அமர்ந்து உண்பது வங்காளிகளின் மதிய நேரத்து இன்பங்களுள் ஒன்று. ‘பாதாபி’ என்னும் அடைமொழி, இன்று ஜகார்த்தா என வழங்கும் பத்தேவியா நகரிலிருந்து வந்தது என்பர். டச்சுக்காரர் இக்கனியைப் ‘பொம்பெல்மூஸ்’ என்றனர். நம் தாய்நாட்டில் வழங்கும் ‘பம்பளிமாசு’ அச்சொல்லுக்கு உறவு என்பது கேட்ட மாத்திரத்திலேயே விளங்கும். டில்லியில் உள்ள நம் அன்பர்கள் இதனைச் ‘சகோத்ரா’ என்று வாங்குவர். பெங்களூரில் உள்ளோர் ‘சக்கோத்தா’ என்பர். மராட்டியத்தில் இது ‘பப்னஸ்’. அஸ்ஸாமில் ‘ரொபாப் தெங்கா’. பெயர் எதுவாயினும் கனி ஒன்றே.

இக்கனிக்கு மேல்நாட்டில் ஒரு வாரிசு உண்டு. தென்கிழக்காசியாவில் பிறந்த பம்பளிமாசு கப்பலேறி மேற்கிந்தியத் தீவுகளை அடைந்தது. அங்கே, பார்பேடாஸ் தீவில், பம்பளிமாசுக்கும் இனிப்பு ஆரஞ்சுக்கும் இயற்கையாக நேர்ந்த கலப்பில் ஒரு புதுக்கனி தோன்றியது. 1750-இல் வெளிவந்த அத்தீவின் வரலாற்று நூலொன்று ‘விலக்கப்பட்ட கனி’ என்ற பெயரால் ஒரு கனியைக் குறிப்பிடுகிறது. திராட்சைக் குலைபோல் கொத்தாகக் காய்ப்பதால் பின்னாளில் அவ்வினத்துக்குக் ‘கிரேப்ஃப்ரூட்’ என்று பெயர் வழங்கலாயிற்று. தாயைவிட உருவில் சிறியது. புளிப்பிலும் கசப்பிலும் பெரியது. நம் நாட்டுச் சந்தையில் அது அரிதாகவே தென்படும். ஆனால் அதன் தாய், கரக்பூரில் நாம் வசிக்கும் ரெயில்வே குடியிருப்பின் பின்கட்டிலேயே நிற்கிறது. நாம் குடிவருமுன்னரே வளர்ந்து நின்ற மரம் அது. அதற்கு நாள்தோறும் பாத்திரம் கழுவிய நீரை ஊற்றி, சாம்பலிட்டுப் போற்றி வருபவர் நம் அன்னையார்.

நிற்க. ஒரு கனியின் குலமுறை கிளத்துவதற்காக நாம் பேனாவை எடுக்கவில்லை. சென்ற நவராத்திரிக்கு, அமெரிக்காவில் பணிபுரியும் நம் மனைவியின் தம்பி வந்திருந்தார். குழந்தைகளுக்கு மிட்டாயும், அக்காளுக்குக் கைப்பையும், அம்மாவுக்குக் கம்பளிச் சால்வையும் எடுத்து வைத்தவர், இறுதியாக ஒரு புட்டியையும் எடுத்துக் கூடத்து மேசைமீது வைத்தார். 750 மில்லி லிட்டர் கொண்ட பர்பன் விஸ்கி. உடன் ஒரு துண்டுக் காகிதம். “மச்சான், நீங்க குடிக்க மாட்டீங்கன்னு தெரியும். ஆனா பின்னால இவ்வளவு பெரிய மரத்தை வெச்சிக்கிட்டு இதை ஒரு தடவையாவது செஞ்சு பார்க்காம இருக்கலாமா?” என்றார். காகிதத்தில் மூன்றே வரிகள் இருந்தன: பர்பன் இரண்டு பங்கு, கிரேப்ஃப்ரூட் சாறு ஒரு பங்கு, தேன் பாகு அரைப் பங்கு. பனிக்கட்டியிட்டுக் குலுக்கி வடிகட்டவும்.

இக்கலவைக்குப் ‘பிரௌன் டெர்பி’ என்று பெயர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தொப்பி வடிவிலேயே கட்டி 1926-இல் திறக்கப்பட்ட ஓர் உணவகத்தின் பெயர் அது. 1930-களில் அந்நகரத்து மாந்தர் இப்பானத்துக்கு அதனைச் சூட்டினர். பர்பன் என்பதும் எல்லா விஸ்கியையும் போன்றதன்று. அதில் இடும் தானியத்தில் நூற்றுக்கு 51 பங்காவது மக்காச்சோளமாக இருத்தல் வேண்டும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரக்கலத்தில் அதனை ஊறவைத்தல் வேண்டும் என்பன அந்நாட்டு விதிகள். 1964-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இதனைத் தம் நாட்டின் தனிப்பொருளாகவே அறிவித்தது. கருகிய மரத்திலிருந்துதான் அதற்குச் செந்நிறமும், வறுத்த சர்க்கரையின் மணமும், சிறிது புகைவாடையும் ஏறுகின்றன. நம் நாட்டில் மலிவாக விற்கும் விஸ்கிகளுள் பல, சர்க்கரை ஆலையின் கழிவுப் பாகிலிருந்து வடித்த சாராயத்துக்கு நிறமும் மணமும் ஏற்றியவை. அவற்றை நாம் ஒருநாளும் நாவில் இட்டதில்லை. ஆயினும் அவற்றின் வாடையை நன்கறிவோம். ஏன் என்பதையும் சொல்லிவிடுதல் நலம்.

நம் தந்தையார் இங்குள்ள பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். கைவேலையில் கெட்டிக்காரர், சம்பள நாளன்று மட்டும் வேறு மனிதர். அவர் வீடு திரும்புமுன் அவரது வாடை வாயிற்படி ஏறிவிடும். வீட்டில் அவர் குடித்து நாம் கண்டதில்லை. தண்ணீர்த் தொட்டியின் பின்புறத்திலும், கரிப்பெட்டியின் அடியிலும், ஒருமுறை கொலுப்பெட்டியின் வைக்கோலுக்குள்ளும் ‘குவாட்டர்’ எனப்படும் 180 மில்லி லிட்டர்ப் புட்டிகளை அன்னையார் கண்டெடுத்ததுண்டு. கண்டெடுத்ததை அவர் உரக்கச் சொல்லியதில்லை. ஒளித்து வைத்ததைத் தந்தையார் ஒப்புக்கொண்டதுமில்லை. நமக்குப் பத்தொன்பது வயது நடக்கையில், பணியில் இருக்கும்போதே, ஈரல் கெட்டு அவர் மறைந்தார். பத்தாம் வகுப்பு மட்டும் தேறியிருந்த நமக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைத்தது. பின்னர்த் துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனோம். இன்று நாம் உண்ணும் சோறு தந்தையார் இறந்ததனால் வந்த சோறு என்பதை நாம் மறந்ததில்லை.

ஆகவே முப்பத்தாறு வயது வரையில் நாம் மதுவைத் தீண்டாதிருந்தது ஒழுக்கத்தின் உயர்வால் அன்று; அச்சத்தால். தந்தையின் மூக்கும் காதும் நமக்கு வந்திருக்கின்றன. அந்தத் தாகமும் உடன் வந்திருக்குமோ என்ற ஐயம் உள்ளே கிடந்தது. அலுவலகத்து விருந்துகளில் நண்பர்கள் வற்புறுத்தும்போதெல்லாம் வயிற்றுவலி என்று சொல்லித் தப்பி வந்திருக்கிறோம். மேசைமீது அந்தப் புட்டி நின்றபோது, இவ்வையத்தை ஒருமுறை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. மனைவியிடம் கூறினோம். அவள் அன்னையாரிடம் கேட்கச் சொன்னாள்.

அன்னையார் வெகுநேரம் பேசவில்லை. கொலுப்படியில் சரிந்திருந்த செட்டியார் பொம்மையை நிமிர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்:

“முதல்ல அவரும் மூடியிலதான் அளந்தாரு. உடம்பு வலிக்குதுன்னு ஒரு மூடி. அப்புறம் மூடி தொலைஞ்சு போச்சு.”

நாம் மறுமொழி சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார்: “புரட்டாசி கழியட்டும். செய்யறதா இருந்தா என் கண்ணு முன்னால செய். புள்ளைங்க தூங்கினப்புறம் செய். புட்டி என் பெட்டியில இருக்கும், சாவி என் இடுப்புல இருக்கும். அளந்து எடுத்து, என்னா எடுத்தேன்னு எழுதி வை. நீதான் ஆபீஸ்ல எழுதறவனாச்சே.”

குமாஸ்தாவுக்கு இதனினும் பொருத்தமான ஆணை வேறு யாது? ஒரு பழைய பேரேட்டில் கோடிட்டு, தேதி, பர்பன், சாறு, தேன், குறிப்பு என ஐந்து கட்டங்கள் வகுத்தோம். குழந்தையின் இருமல் மருந்துடன் வந்த, மில்லி லிட்டர்க் கோடுகள் உள்ள சிறு கோப்பையே அளவைக் கருவி. குலுக்குவதற்கு இறுக மூடும் எவர்சில்வர்த் தூக்கு. வடிகட்டத் தேயிலை வடிகட்டி. தேனைச் சம அளவு வெந்நீரில் கரைத்து ஆறவைத்தால் பாகு ஆயிற்று. கரைக்காத தேன் பனிக்கட்டியில் பட்டால் உறைந்து அடியில் ஒட்டிக்கொள்ளும்.

முதற் சனிக்கிழமை. காகிதத்தில் உள்ளபடியே பர்பன் 60, பம்பளிமாசுச் சாறு 30, தேன் பாகு 15. மனைவி ஒரு கரண்டி சுவைத்து, முகத்தைச் சுளித்து, “இருமல் மருந்தே தேவலை” என்று தீர்ப்பளித்து விலகினாள். நமக்கோ தொண்டை எரிந்தது. பிறகு மார்பில் கணப்பு வைத்தாற்போல் ஒரு வெம்மை பரவிற்று. ஆனால் பானமாக அது சிறக்கவில்லை. காரணம் எளிது. கிரேப்ஃப்ரூட்டின் புளிப்பையும் கசப்பையும் எதிர்பார்த்து எழுதிய கணக்கு அது. நம் மரத்துக் கனியோ சாதுவானது. தேனுடன் சேர்ந்து வெறும் இனிப்பாகிவிட்டது. சாராயம் தனித்து நின்றது. ‘இனிப்பு மிகுதி, கசப்பு இல்லை’ என்று எழுதினோம். அன்னையார் நாற்காலியில் அமர்ந்து சுண்டல் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார். புட்டியை வாங்கிப் பூட்டினார். வேறொன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் சனிக்கிழமைக்குள் நாம் ஓர் உண்மையைத் தெரிந்துகொண்டோம். பம்பளிமாசுக்கும் கிரேப்ஃப்ரூட்டுக்கும் கசப்பைத் தருவது ‘நாரிஞ்சின்’ என்னும் ஒரே பொருள். அது சாற்றைவிட, சுளையைப் போர்த்திய வெண்தோலிலும் பஞ்சு போன்ற உட்தோலிலும் மிகுதியாக உள்ளது. நாம் வழக்கமாக அத்தோலை முற்றும் உரித்து எறிந்துவிடுகிறோம். கசப்பும் உடன் போய்விடுகிறது. எனவே இம்முறை, மூன்று சுளைகளில் ஒன்றைத் தோலோடு நசுக்கிப் பிழிந்தோம். புளிப்புக்குக் கந்தராஜ எலுமிச்சையின் சாறு 5 மில்லி லிட்டர். அதன் மேற்தோலைக் கோப்பையின் விளிம்பில் ஒருமுறை தேய்த்தோம். பர்பன் 60, சாறு 60, தேன் பாகு 10. மாற்றம் வியக்கத்தக்கது. மரக்கலத்தின் புகைமணமும் கனியின் கசப்பும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் மாந்தர் எதனைக் கண்டு பெயர் சூட்டினர் என்பது விளங்கிற்று. ‘நன்று’ என்று எழுதினோம்.

அதன் கீழே, அடுத்த வெள்ளிக்கிழமை தேதியிட்டு, கட்டத்துக்குள் அடங்காத மற்றொரு குறிப்பையும் எழுதினோம்: ‘இன்று பிற்பகல் மூன்று மணிக்கு, மாதாந்தரப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருக்கையில், நாளை சனிக்கிழமை என்ற நினைவு தானே வந்தது.’ அந்நினைவு இனிமையாக இருந்தது என்பதையும் எழுதினோம். இதனைக் காணும் பொருட்டன்றோ இச்சோதனையைத் தொடங்கினோம்! தாகம் என்பது கோப்பைக்குள் இருப்பதில்லை. கோப்பைக்கு முந்திய நாளில் இருக்கிறது.

மூன்றாம் சனிக்கிழமை பர்பனைப் பாதியாக்கினோம். பர்பன் 30, சாறு 90, தேன் பாகு 10, கந்தராஜச் சாறு 5, விரல் நுனியில் எடுத்த உப்பு. உப்பு கசப்பை அடக்கும் என்பது நாவறிந்த உண்மை. வங்காளிகள் இக்கனிக்கு உப்பிடுவதன் சூட்சுமமும் அதுவே. சென்ற வாரத்தினும் இது சிறந்தது என்பதே நம் முடிவு. மதுவைக் குறைத்தபோது பானம் கெடவில்லை. கனியின் குரல் கேட்கத் தொடங்கிற்று. நான்காம் சனிக்கிழமையும் அதே 30. இஞ்சிச்சாறு சில துளி மட்டும் புதிது.

அன்றிரவு பேரேட்டைக் கூட்டினோம். 60, 60, 30, 30. ஆக 180 மில்லி லிட்டர். நான்கு வாரத்தில் நாம் அருந்தியது ஒரு குவாட்டர். தொகையை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தோம். தொட்டிக்குப் பின்னே கிடந்த அந்தச் சிறு புட்டியின் கொள்ளளவு அது. தந்தையார் அதனை ஒரே மாலையில், நின்றபடி, கனியுமின்றித் தேனுமின்றி, யாரும் வருமுன் முடித்துவிடுவார். அன்னையார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏட்டைத் தம் பக்கம் திருப்பி, வெள்ளிக்கிழமைக் குறிப்பு உட்பட யாவையும் வாசித்தார். “அவரு ஒரு நாளாவது இப்படி எழுதி வெச்சிருந்தா” என்றவர், சொற்றொடரை முடிக்காமலே எழுந்து போய்ப் பெட்டியைப் பூட்டினார்.

இதற்கிடையே நம் மனைவியும் ஒரு சோதனை தொடங்கியிருந்தாள். “உங்க கோப்பையில நல்லா இருக்கிறது பழமும் புகைவாடையும்தானே? புகைவாடைக்கு அமெரிக்கா வரைக்கும் போகணுமா?” என்பது அவள் வாதம். ஊரிலிருந்து வந்த கருப்பட்டி வீட்டில் இருந்தது. பதநீரைக் காய்ச்சிய அடுப்பின் புகை அதன் உள்ளேயே உறைந்திருக்கிறது. அதனைப் பாகு காய்ச்சினாள். ஓக் மரத்தின் துவர்ப்புக்கு ஈடாக, கெட்டியாக இறக்கி ஆறவைத்த அஸ்ஸாம் தேயிலை வடிநீர். தேயிலை 60, பம்பளிமாசுச் சாறு 60, கருப்பட்டிப் பாகு 15, இஞ்சிச்சாறு, உப்பு, பனிக்கட்டி. நான்காம் சனிக்கிழமை நம் கோப்பைக்கு அருகிலேயே அதனையும் வைத்தாள். நிறமும் ஒன்றே. இரண்டையும் மாறி மாறி அருந்தினோம். நடுநிலை வழுவாது உரைப்பதாயின், பர்பனின் வெம்மை இதற்கு இல்லை. மற்ற எவ்வகையிலும் இது தாழ்ந்ததன்று. நாவில் நெடுநேரம் நின்றதும் இதுவே.

“இதுல ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டு, அன்னையார் கையை நீட்டினார்.

“தேயிலைதான் அத்தை. நம்ம பானகம் மாதிரிதான்” என்று தம்ளரைக் கொடுக்கப் போன மனைவி, சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அன்னையார் இரத்த அழுத்தத்துக்கும், கொழுப்பைக் குறைக்கவும் நாள்தோறும் மாத்திரை உண்பவர். அவற்றுள் ஒன்றின் பெட்டியில் உள்ள தாளில் கிரேப்ஃப்ரூட்டைத் தவிர்க்குமாறு அச்சிட்டிருந்ததை அவள் எப்போதோ படித்த நினைவு. மறுநாள் மருத்துவரைக் கேட்டோம். மகளுக்கு ஆகாதது தாய்க்கும் ஆகாது. அம்மாத்திரை உண்ணுமளவும் பம்பளிமாசும் வேண்டாம் என்றார்.

இது வெறும் பத்தியச் சொல்லன்று. நம் குடலில் பல மருந்துகளைச் சிதைத்து அளவோடு இரத்தத்தில் சேர்ப்பிக்கும் நொதி ஒன்றுண்டு. கிரேப்ஃப்ரூட்டிலும் பம்பளிமாசிலும் உள்ள சில பொருள்கள் அந்நொதியை முடக்கிவிடுகின்றன. பின் ஒரு மாத்திரை உண்டவருக்குப் பல மாத்திரை உண்டாற்போல் மருந்து இரத்தத்தில் ஏறிவிடும். ஒரு தம்ளர்ச் சாற்றின் விளைவு ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கலாம். ஆதலால் காலையில் மாத்திரை, மாலையில் பழம் என்று பிரித்துண்பதும் காவலாகாது. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின், அட்டோர்வாஸ்டாடின், இரத்த அழுத்தத்துக்கான ஃபெலோடிப்பின் முதலியன இவ்வகையின. எல்லா மருந்துக்கும் இவ்விதி பொருந்தாது. தத்தம் மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும்.

இவ்வுண்மை உலகுக்குத் தெரிந்த வரலாறு நம்மை வெகுவாகச் சிந்திக்க வைத்தது. கனடா நாட்டில் டேவிட் பெய்லி என்னும் ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும், ஃபெலோடிப்பின் மாத்திரையுடன் மது சேர்ந்தால் உடலில் என்ன நிகழும் என்று ஆராய்ந்தனர். சோதனைக்கு உட்பட்டோர் தாம் அருந்துவது மதுவா அன்றா என அறியாதிருத்தல் வேண்டும். ஆகவே மதுவின் சுவையை மறைப்பதற்கெனக் கிரேப்ஃப்ரூட் சாற்றில் அதனைக் கலந்தனர். முடிவில் மருந்தின் அளவு எதிர்பாராவகையில் உயர்ந்திருந்தது. மதுவின் வேலையோ என்று ஆராய்ந்தால், அதனை மறைக்க ஊற்றிய சாற்றின் வேலை அது! 1989-இல் இது வெளியாயிற்று. ஒன்றை மறைக்கச் சேர்த்த பொருள், தான் செய்த வேலையை யாரும் அறியாமலே செய்துகொண்டிருந்திருக்கிறது.

நம் வீட்டிலும் அவ்வாறே நடந்தது என்று நினைக்கிறோம். தந்தையாரைக் கொன்றது மது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதனைச் சுற்றி நாம் யாவரும் ஊற்றிய மௌனம் ஒன்று இருந்ததே, அதுவும் தன் பங்கைச் செய்தது. தொட்டிக்குப் பின்னிருந்த புட்டியைத் தொட்டிக்கு முன்னே எடுத்து வைத்து, “எவ்வளவு?” என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. புலம்பெயர்ந்த ஊரில், நம்மவர் நாலு வீடு மட்டுமே உள்ள வரிசையில், குடும்ப மானம் என்ற ஒன்றே கேள்விக்குக் கதவடைத்துவிட்டது. வெளியூரில் வாழும் தமிழ் வீடுகள் பலவற்றில் இம்மௌனம் இன்றும் இருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.

இதனைப் படித்துவிட்டு, அளந்து குடித்தால் கேடில்லை என்று குமாஸ்தா எழுதிவிட்டார் என எவரும் எண்ணற்க. எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குத் தீங்கற்றது என்று சொல்வதற்கில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகக் கூறிவிட்டது. குஜராத்தில் வாழ்வோருக்கும், 2016 முதல் பீகாரில் வாழ்வோருக்கும் சட்டமே தடை. மேலும், தாகம் ஏற்கெனவே பற்றிக்கொண்டவருக்குப் பேரேடு மருந்தாகாது, மருத்துவரே மருந்து. நம் மூதுரை சொல்லும் ‘அளவுக்கு மிஞ்சினால்’ என்ற எல்லை ஒவ்வொருவருக்கும் ஒவ்வோரிடத்தில் உள்ளது. சிலருக்கு அது முதல் துளியிலேயே இருக்கிறது. நமக்கு அது எங்கே என்று பார்க்க வேண்டியிருந்தது, பார்த்தோம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக் குறிப்பு நமக்குப் போதுமானதாயிற்று. ஐந்தாம் சனிக்கிழமை நாம் சாவி கேட்கவில்லை. அன்னையாரும் ஏன் என்று கேட்கவில்லை.

எஞ்சிய 570 மில்லி லிட்டர் அன்னையாரின் டிரங்குப் பெட்டியில், கம்பளிச் சால்வைக்கும் பழைய வேட்டிகளுக்கும் நடுவே இருக்கிறது. “ஊத்திடலாமா?” என்று ஒருநாள் கேட்டார். கொடுத்தவர் வந்தால் அவரே முடிவு செய்யட்டும் என்றோம். அது அங்கே இருப்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், நான்காம் வகுப்பில் படிக்கும் மகள் உட்பட. “தாத்தா குடிச்சது இதுவா?” என்று அவள் கேட்டதற்கும், “இது இல்ல, ஆனா இது மாதிரி” என்று அன்னையாரே மறுமொழி சொன்னார். தாத்தாவைப் பற்றி அவ்வாறு ஒரு வாக்கியம் நம் வீட்டில் பேசப்பட்டது அதுவே முதல் தடவை.

மரத்துக்கு நீர் வார்ப்பவருக்கே அதன் கனி ஆகாது என்பது நம் மனைவியை வருத்திற்று. அவள் மற்றொரு வழி கண்டாள். மார்கழிக் குளிரில் நாகபுரியிலிருந்தும் டார்ஜிலிங்கிலிருந்தும் ஆரஞ்சு வந்து குவிகிறது. மருத்துவரைக் கேட்டு, பம்பளிமாசுக்குப் பதிலாக அதன் சாற்றை ஊற்றினாள். கசப்புக்குத் தேயிலையைச் சற்றே கெட்டியாக இறக்கினாள். அன்னையார் ஒரு மிடறு குடித்து, “ஏலக்காய் போட்டிருக்கணும்” என்றார். மறுநாள் முதல் ஏலக்காயும் சேர்ந்தது.

நேயர்களும் செய்து பார்க்கலாம். நால்வருக்கு அளவு வருமாறு: கெட்டியான தேயிலை வடிநீர், ஆறியது, ஒன்றேகால் தம்ளர்; பம்பளிமாசுச் சாறு, மூன்று சுளைக்கு ஒன்று தோலோடு பிழிந்தது, ஒன்றேகால் தம்ளர்; கருப்பட்டிப் பாகு நான்கு மேசைக்கரண்டி; இஞ்சிச்சாறு ஒரு சிறு கரண்டி; ஏலக்காய் இரண்டு; உப்பு ஒரு சிட்டிகை. மூடியுள்ள தூக்கில் பனிக்கட்டியுடன் இட்டு, கை குளிரும்வரை குலுக்கி வடிகட்டவும். குழந்தைகளுக்குத் தேயிலைக்குப் பதில் தண்ணீர் வார்க்கவும். மாத்திரை உண்ணும் பெரியவர்களுக்கு, மருத்துவர் சொற்படி, ஆரஞ்சு. டில்லி அன்பர்கள் சகோத்ராவிலும், பெங்களூர் அன்பர்கள் தேவனஹள்ளிச் சக்கோத்தாவிலும் செய்து, எந்த ஊர்க் கனியில் கசப்பு எவ்வளவு என்று இவ்விதழுக்கு எழுதினால், நம் ஏட்டில் இன்னும் வெற்றுக் கட்டங்கள் நிறைய உள்ளன, அவற்றை நிரப்பிக்கொள்வோம்.